ஐஸ்வால்: ஏணியின் கடைசிப் படி

இந்தியாவின் தேசிய கால்பந்து லீகை ஒரு மலை நகரம் 2017ல் வென்றது. அடுத்த கட்டத்துக்குப் போகும் கதவு மட்டும் திறக்கவில்லை.

ஐஸ்வாலில் மிக அரிதான பொருள் சமதளம். மிசோரமின் தலைநகரான இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேலே, ஒரு மலை முகட்டின் முதுகில் குந்தியிருக்கிறது. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு மாடி வீடாகத் தெரிவது, பக்கவாட்டுப் படிகளில் இறங்கிப் பார்த்தால் சரிவில் நான்கு மாடி இறங்கியிருக்கும். ஒரு வீட்டின் மொட்டை மாடி அடுத்த வீட்டின் வாசல் உயரத்தில் இருக்கும். தெருக்கள் பாம்பாக வளைகின்றன. தெருக்களுக்கு நடுவே குறுக்கு வழியாகச் செங்குத்தான படிக்கட்டுகள். கார் நிறுத்தவே இடம் தேட வேண்டிய இந்த ஊரில், ஒரு கால்பந்து மைதானத்துக்கு வேண்டிய நூறு மீட்டர் நீளச் சமதளம் என்பது பெரும் ஆடம்பரம்.

அந்த ஆடம்பரத்தை ஐஸ்வால் தனக்கு அனுமதித்துக்கொண்டிருக்கிறது. நகரின் நடுவே லம்முவால் மைதானம். முவால்புய் பகுதியில் ராஜீவ் காந்தி ஸ்டேடியம். ஆண்டுக்கு சுமார் 250 செ.மீ. மழை கொட்டும் மாநிலம் இது. இயற்கைப் புல்லை நம்பினால் பாதி வருடம் சேற்றில்தான் ஆட வேண்டும். எனவே இரண்டிலும் செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. சிறுவர்களுக்கு அதுகூடத் தேவையில்லை. சரிவில் எங்காவது கை அகலத்துக்கு மண் தட்டையாக இருந்தால் இரண்டு கல்லை நட்டு கோல் கம்பமாக்கிவிடுகிறார்கள். இங்கே பந்தைத் தாறுமாறாக உதைப்பவனுக்கு மன்னிப்பு கிடையாது. வெளியே போன பந்து பள்ளத்தில் எவ்வளவு தூரம் உருண்டதோ அவ்வளவு தூரம் யாராவது இறங்கி ஏற வேண்டும். மிசோ ஆட்டக்காரர்கள் பந்தைக் காலோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஓடுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

வெளியூர்க்காரர்கள் இங்கே வருவது எளிதாக இருந்ததில்லை. மிசோரமுக்குள் நுழைய மற்ற மாநிலத்தவர் உள் எல்லை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். லெங்புய் விமான நிலையம் 1998ல்தான் வந்தது; அங்கிருந்து நகருக்கு மலைப்பாதையில் 30 கி.மீ.க்கு மேல். அதற்கு முன்பு அசாமின் சில்சாரிலிருந்து சுமோவில் குலுங்கிக்கொண்டே வருவதுதான் வழி. தலைநகருக்கு அருகே ரயில் வந்தது 2025 செப்டம்பரில்: பைராபியிலிருந்து சாய்ராங் வரை 51 கி.மீ. தூரப் பாதை, அதில் 48 சுரங்கங்கள். ஐஸ்வாலுக்கு ஆட வரும் ஒவ்வோர் அணியும் இந்தப் பூகோளத்தோடுதான் முதல் ஆட்டம் ஆடியது.

வந்து சேர்பவர்களுக்கு முதல் ஆச்சரியம் தெருவில் காத்திருக்கிறது. வாகனங்கள் ஊர்ந்தாலும் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. கார்கள் ஒரு வரிசை, இரு சக்கர வாகனங்கள் ஒரு வரிசை. எதிர்ப்புறம் காலியாகக் கிடந்தாலும் முந்திக்கொண்டு அதில் நுழைவதில்லை. நெடுஞ்சாலை ஓரங்களில் ஆளில்லாக் கடைகளைப் பார்க்கலாம். மூங்கில் தட்டியில் காய்கறியும் பழமும் இருக்கும்; விலை எழுதியிருக்கும்; பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. விற்பவர் மலைச்சரிவில் தன் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். ‘த்லாம்ஙைஹ்னா’ என்று மிசோக்கள் ஒரு பண்பைச் சொல்வார்கள். தன்னலம் பாராமல் பிறருக்கு உதவுவது, அதைச் சொல்லிக் காட்டாமல் இருப்பது என்று விளக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிவிடும்; ஊர் தேவாலயத்தில் இருக்கும். சனிக்கிழமை மாலையோ கால்பந்துக்கு உரியது.

2011 கணக்கெடுப்பின்படி மிசோரமின் மக்கள் தொகை சுமார் 11 லட்சம். சென்னை நகரின் ஒரு மூலையில் அடங்கிவிடும் கூட்டம். ஆனால் இந்தியக் கால்பந்தில் அதன் பங்கு அளவுக்கு மீறியது. ஷைலோ மால்சாம்த்லுவாங்கா என்ற இளைஞர் ஜாம்ஷெட்பூரின் டாட்டா கால்பந்து அகாடமியில் பயின்று, கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போனார். ‘மாமா’ என்ற செல்லப் பெயரோடு அங்கே நட்சத்திரமானார். 2003ல் ஜகார்த்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கிளப் கோப்பையை வென்றபோது அந்த அணியில் அவரும் இருந்தார். பந்தைக் கொண்டு பிழைக்கலாம் என்று மிசோ பெற்றோர்களுக்கு முதலில் காட்டியவர்களில் அவரும் ஒருவர்.

2012ல் மிசோரம் பிரிமியர் லீக் தொடங்கியது. எட்டு அணிகள், ஆட்டங்களை உள்ளூர் கேபிள் நிறுவனமான ஸோனெட் ஒளிபரப்பியது. பெரிய நகரங்களில் டிவி நிறுவனங்கள் கால்பந்தைத் திரும்பிப் பார்க்கத் தயங்கிய காலத்தில், இங்கே கேபிள்காரரே லீகுக்குத் தூணாக நின்றார். பக்கத்து வீட்டுப் பையன் டிவியில் ஆடுவதை ஊரே பார்த்தது. இரண்டே ஆண்டில் பலன் தெரிந்தது. 2014 மார்ச்சில் சிலிகுரியில் நடந்த சந்தோஷ் டிராஃபி இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியை 3-0 என்று வீழ்த்தி, மாநிலங்களுக்கு இடையிலான அந்தக் கோப்பையை மிசோரம் முதல் முறையாக வென்றது.

மாநில அணி வென்றுவிட்டது. அடுத்த ஆசை, ஊர் அணி நாட்டின் முதல் நிலை லீகில் ஆடுவது. அந்த ஆசைக்குப் பெயர் ஐஸ்வால் எஃப்.சி.; 1984ல் தொடங்கப்பட்ட கிளப்.

தேசிய லீக் என்பது காகிதத்தில் எளிமையான ஏற்பாடு. ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியோடும் இரண்டு முறை மோதும்: ஒன்று சொந்த ஊரில், இன்னொன்று எதிரியின் ஊரில். வென்றால் 3 புள்ளிகள், சமன் செய்தால் 1. கோப்பைப் போட்டிபோல ஒரு நாள் அதிர்ஷ்டம் இங்கே உதவாது. பல மாதங்கள் ஆடி முடித்தபின் அதிகப் புள்ளி பெற்றவர் சாம்பியன். கடைசியில் இருப்பவர் இரண்டாம் பிரிவுக்கு இறங்குவார். அங்கே வென்றவர் மேலே ஏறுவார். உலகம் முழுவதும் கால்பந்து லீகுகளின் உயிர் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. எந்தச் சின்ன ஊரும் உச்சிக்குப் போகலாம், எந்தப் பெரிய கிளப்பும் சறுக்கி விழலாம் என்ற நம்பிக்கையும் பயமும்தான் கடைசி வாரம் வரை ஸ்டேடியத்தை நிரப்புகின்றன.

இந்தியாவில் இந்த ஏற்பாடு தாமதமாகவே வந்தது. கல்கத்தா, கோவா, பம்பாய் என்று ஊர் லீகுகளே கோலோச்சிய நாட்டில், தேசிய கால்பந்து லீக் 1996ல்தான் தொடங்கியது. பஞ்சாபின் ஜே.சி.டி. மில்ஸ் முதல் சாம்பியன். 2007ல் அது ஐ-லீக் என்று புதுப் பெயர் பெற்றது. கோவாவின் டெம்போ அந்த முதல் ஐ-லீகை வென்றது. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், டெம்போ, சல்காவ்கர், சர்ச்சில் பிரதர்ஸ் என்று பட்டம் பெரும்பாலும் கல்கத்தாவுக்கும் கோவாவுக்கும் இடையே கைமாறிக்கொண்டிருந்தது.

2015ல் ஐஸ்வால் இரண்டாம் பிரிவை வென்று ஐ-லீகில் நுழைந்தது. முதல் பருவத்தில் ஒன்பது அணிகளில் எட்டாவது இடம். கடைசி இடம் புனேயின் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸுக்கு. நியாயப்படி இறங்க வேண்டியது கடைசி அணி. ஆனால் சிவாஜியன்ஸ் ஏணியில் ஏறி வந்த அணி இல்லை. கார்ப்பரேட் நுழைவு என்ற வழியில் கட்டணம் செலுத்தி நேராக உள்ளே வந்தது. அப்படி வந்தவர்களுக்குச் சில காலம் கீழிறக்கம் கிடையாது என்பது விதி. ஆகவே கடைசியாக வந்த அணி தங்கியது. அதற்கு மேலே முடித்த ஐஸ்வால் இறங்கியது. அதே பருவத்தில் ஃபெடரேஷன் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய், குவாஹாத்தியில் மோகன் பகானிடம் 0-5 என்று தோற்றதும் இதே ஐஸ்வால்தான்.

பின்பு விதியே தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. இந்தியக் கால்பந்தை மாற்றியமைக்க அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2016ல் முன்வைத்த திட்டத்தை எதிர்த்து, கோவாவின் சல்காவ்கரும் ஸ்போர்ட்டிங் கிளப்பும் ஐ-லீகிலிருந்து விலகின. இடங்கள் காலியாயின. இறக்கிவிடப்பட்ட ஐஸ்வால் மீண்டும் அழைக்கப்பட்டது.

பயிற்சியாளராக வந்தவர் காலித் ஜமீல். ஏழாண்டுகள் பயிற்சியளித்த மும்பை எஃப்.சி. அவரை அனுப்பிவிட்டிருந்தது. மும்பையில் தன்னிடம் ஆடிய அஷுதோஷ் மேத்தா போன்றவர்களை அழைத்து வந்தார். சிரியாவின் மஹ்மூத் அல் அம்னா, லைபீரியாவின் ஆல்ஃப்ரெட் ஜார்யன், ஐவரி கோஸ்ட்டின் காமோ பாயி போன்ற வெளிநாட்டவர்கள் முதுகெலும்பாக நின்றார்கள். மற்றபடி அணி முழுக்க மிசோ இளைஞர்கள். தாக்குதலைவிடத் தற்காப்பில் காலித் கறாரானவர். கோல் வாங்காதே, கிடைத்த ஒரு வாய்ப்பை விடாதே என்பதுதான் அவர் பாணி. பணம் குறைந்த அணிக்கு ஏற்ற தத்துவம்.

10 அணிகள், 18 ஆட்டங்கள். 2017 ஏப்ரல் 22ல், கடைசிக்கு முந்தைய ஆட்டத்துக்கு மோகன் பகான் ஐஸ்வால் வந்தபோது இரு அணிகளும் 33 புள்ளிகளில் நின்றன. 1889ல் பிறந்து, 1911ல் வெறுங்காலோடு ஆங்கிலேயரை வென்ற கிளப் ஒரு பக்கம். முந்தைய ஆண்டு கீழே தள்ளப்பட்ட அணி மறு பக்கம். ஆட்டம் முடியும் தறுவாயில் தற்காப்பு ஆட்டக்காரர் ஸோமிங்லியானா ரால்தே தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போனது. 1-0.

இனி ஷில்லாங்கில் ஒரு புள்ளி போதும். ஏப்ரல் 30ல் நடந்த அந்தக் கடைசி ஆட்டத்துக்கு, 400 கி.மீ.க்கு மேற்பட்ட மலைப்பாதையைக் கடந்தும் ரசிகர்கள் போனார்கள். ஷில்லாங் லாஜோங்குக்காக 9வது நிமிடத்திலேயே திபாந்தா கோல் அடித்தார். அதே நேரத்தில் கல்கத்தாவில் மோகன் பகான், அந்த ஆண்டுதான் லீகில் அறிமுகமான சென்னை சிட்டி அணியோடு ஆடிக்கொண்டிருந்தது, வெற்றி அதற்கே. ஷில்லாங்கில் 67வது நிமிடத்தில் வில்லியம் லால்னுன்ஃபேலா கோலைத் திருப்பினார். 1-1. ஐஸ்வால் 37, மோகன் பகான் 36. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ஓர் அணி தேசிய லீகை வென்றது அதுவே முதல் முறை.

ஏணியின் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். அங்கேதான் தொடங்கியது.

பட்டம் வென்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மே மாதம் இந்தியன் சூப்பர் லீக் புதிய அணிகளுக்காக விண்ணப்பம் கோரியது. பத்து நகரங்களின் பட்டியல் வெளியானது: அகமதாபாத், பெங்களூர், கட்டாக், துர்காபூர், ஹைதராபாத், ஜாம்ஷெட்பூர், கல்கத்தா, ராஞ்சி, சிலிகுரி, திருவனந்தபுரம். நாட்டின் சாம்பியன் அணி வாழும் நகரம் அதில் இல்லை.

சூப்பர் லீக் வேறு கணக்கில் பிறந்தது. 2010 டிசம்பரில் கால்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 15 ஆண்டுகளுக்கு இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகள் நிறுவனத்துக்கு. பதிலாகச் சம்மேளனத்துக்கு ரூ. 700 கோடி. அதன் பலனாக 2014ல் எட்டு அணிகளோடு சூப்பர் லீக் மலர்ந்தது. சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் தொழிலதிபர்களும் அணிகளுக்கு உரிமையாளர்கள். அல்லெஸாந்த்ரோ தெல் பியேரோ, ராபர்ட் பிரே என்று ஆட்டத்தின் அந்திக் காலத்தில் இருந்த ஐரோப்பியப் பிரபலங்கள் வந்தார்கள். டிவியில் ஒளி வெள்ளம். ஸ்டேடியங்கள் நிரம்பின. இந்தியக் கால்பந்து அதுவரை காணாத வெளிச்சம் அது, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அது ஏணி வைக்காத மாடி. அணி என்பது விலைக்கு வாங்கும் உரிமம். புதிதாகச் சேர ஆண்டுக்கு சுமார் ரூ. 15 கோடி கட்டணம் என்று 2017ல் பத்திரிகைகள் எழுதின. உள்ளே இருப்பவர் கடைசியில் வந்தாலும் இறங்க வேண்டாம். வெளியே இருப்பவர் முதலில் வந்தாலும் ஏற முடியாது. பணம் போட்டவருக்கு இது நியாயமாகவே பட்டது. கோடிக்கணக்கில் நஷ்டத்தைத் தாங்கி ஓர் அணியை வளர்ப்பவரிடம், ஒரு மோசமான பருவத்துக்காக வெளியே போ என்றால் யார் முதலீடு செய்வார்கள் என்பது அவர்கள் கேள்வி. ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு அணி ஒன்றுக்கு ரூ. 16.5 கோடி என்று உச்சவரம்பு பல பருவங்களுக்கு இருந்தது. செலவை அடக்க வைத்த வரம்பே அவ்வளவு என்றால், உள்ளூர் ஸ்பான்சர்களை நம்பி ஓடும் மலை நகரத்துக் கிளப் எந்த மூலைக்கு?

வடகிழக்கின் எட்டு மாநிலங்களுக்கும் சேர்த்து சூப்பர் லீக் ஒரே அணியை வைத்தது: குவாஹாத்தியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட். மிசோரமின் கதவு அது என்று சொல்லப்பட்டது. ஐஸ்வாலின் உரிமையாளர் ராபர்ட் ரோமாவியா ராய்தே இதை ஏற்கவில்லை. சம்மேளனத்துக்குக் கடிதங்கள் போயின. போராட்டம் நடத்துவோம் என்று எச்சரித்தார். 2017 ஜூனில் கோலாலம்பூரில் ஆசியக் கால்பந்து கூட்டமைப்பு பேச்சு நடத்தி, இரண்டு லீகுகளும் தற்காலிகமாகப் பக்கம் பக்கமாக நடக்கட்டும் என்றது. பெங்களூரும் ஜாம்ஷெட்பூரும் சூப்பர் லீகில் சேர்ந்தன. ஐஸ்வால் இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்த ஆண்டு ராய்தே மாநிலத்தின் விளையாட்டு அமைச்சரானார். அமைச்சராலும் அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை.

ஓர் ஆறுதல் கிடைத்தது. சாம்பியன் என்ற தகுதியில் 2018 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் ஆட ஐஸ்வால் ஈரானுக்குப் போனது. ஜோப் அஹான் அணியிடம் 1-3 என்று தோற்றாலும், சொந்த நாட்டின் பெரிய லீகில் இடமில்லாத அணி ஆசியாவின் பெரிய போட்டியில் ஒரு கோல் அடித்துத் திரும்பியது. ஆனால் அதற்குள் சாம்பியன் அணி கலைந்திருந்தது. காலித் ஜமீலும் அல் அம்னாவும் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார்கள். மேலே ஏற வழியில்லாத வீட்டில் திறமைசாலிகள் எத்தனை நாள் தங்குவார்கள்?

2019ல் ஆசியக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு சூப்பர் லீகே முதல் நிலை லீக் ஆனது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. ஐஸ்வால் தோற்று இறங்கவில்லை. அது நின்றிருந்த தளமே இறங்கிவிட்டது. இது ஐஸ்வாலுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. 2018-19ல் ஐ-லீகை வென்றது சென்னை சிட்டி. கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய அணி. அந்தப் பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டுகளுக்குள் அது தேசிய லீகிலிருந்தே காணாமல் போனது. ஐ-லீகின் அந்தக் கடைசி ஆண்டுகள் சின்ன ஊர்களின் பொற்காலமாக இருந்தன. ஆனால் அந்தக் கோப்பைகளின் மதிப்பு, கையில் வாங்கும்போதே கரைந்துகொண்டிருந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சூப்பர் லீகில் ஐஸ்வால் அணி இல்லை; ஆனால் மிசோக்கள் இல்லாத சூப்பர் லீகும் இல்லை. ஹ்னாதியால் ஊரைச் சேர்ந்த ஜேஜே லால்பெக்லுவாவைச் சென்னை ரசிகர்கள் அறிவார்கள். 2015லும் 2018லும் சென்னையின் எஃப்.சி. கோப்பை வென்றபோது முன்வரிசையில் நின்று ஆடியவர் அவர். 2023ல் மிசோரம் சட்டமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். லுங்லேயின் லாலியான்ஸுவாலா சாங்தே 2022-23ன் சிறந்த இந்திய ஆட்டக்காரராகச் சம்மேளனத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டார். ‘அபுயா’ என்ற லாலெங்மாவியா ரால்தே 2024ல் மும்பையிலிருந்து மோகன் பகானுக்கு மாறியது அந்த ஆண்டின் பெரிய மாற்றங்களில் ஒன்று. மலையிலிருந்து மூங்கில் போவதுபோல ஆட்டக்காரர்கள் சமவெளிக்குப் போகிறார்கள். வீட்டுக்குப் பணம் வருகிறது, குடும்பங்கள் உயர்கின்றன. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சனிக்கிழமை மாலை முவால்புய் படிக்கட்டுகளில் உட்கார்ந்து அவர்களைப் பார்க்கும் வாய்ப்பு ஐஸ்வாலுக்கு இல்லை. அவர்களை டிவியில்தான் பார்க்க வேண்டும்.

ஊருக்கும் அணிக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு சூப்பர் லீக் தரும் பதில் வேறு. 2019ல் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வரத்துக்குக் குடிபெயர்ந்து ஒடிஷா எஃப்.சி. ஆனது. அதே ஆண்டு புனே அணி கலைந்து அதன் இடத்தில் ஹைதராபாத் எஃப்.சி. வந்தது, 2022ல் அது கோப்பையையும் வென்றது. 2025ல் அந்த அணியும் டெல்லிக்குப் போய்விட்டது. உரிமம் ஊரோடு ஒட்டியதல்ல, உரிமையாளரோடு ஒட்டியது. முதல் நாள் வரை கொடி பிடித்த ரசிகன் மறுநாள் அணியில்லாமல் நிற்கலாம். ஐஸ்வால் எஃப்.சி.யை வேறு ஊருக்கு மாற்றுவதை யாரும் கற்பனைகூடச் செய்ய முடியாது.

ஏணி கடைசியில் வந்தது. ஐ-லீக் சாம்பியன் கட்டணமின்றி மேலே ஏறலாம் என்று 2022-23 பருவத்திலிருந்து அனுமதிக்கப்பட்டது. முதலில் பஞ்சாப், அடுத்து கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். 2024-25ன் சாம்பியன் யார் என்பது மைதானத்தில் தீரவில்லை. ஸ்விட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் 2025 ஜூலையில் இன்டர் காசியே சாம்பியன் என்று தீர்ப்பளித்தது. ஏறுவதற்கு வெற்றியோடு கிளப் உரிமமும் வேண்டும். விளக்கு வசதியுள்ள ஸ்டேடியம், இளைஞர் அணிகள், தகுதி பெற்ற பயிற்சியாளர்கள், தணிக்கை செய்த கணக்குகள் என்று அதன் நிபந்தனைகள் நீளும். அந்த மூன்று பருவங்களிலும் யாரும் கீழே இறங்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் இயங்கும் ஏணி. ஐஸ்வாலுக்கு அது ஆறாண்டுகள் தாமதம்.

உள்ளே இருந்தவர்களின் தரையும் உறுதியாக இல்லை என்பதை 2025 காட்டியது. 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பர் 8ல் முடிய வேண்டும். புதுப்பிப்பது பற்றி முடிவு எட்டாததால், ஜூலையிலேயே லீகை நடத்தும் நிறுவனம் அடுத்த பருவத்தை நிறுத்திவைத்தது. சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின. சம்மேளனத்தின் சட்டதிட்டங்கள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. பிறகு வணிக உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. ஒரு காலத்தில் ரூ. 700 கோடிக்குப் போன பொருளுக்கு வாங்க ஆளில்லை. மத்திய விளையாட்டு அமைச்சகம் தலையிட்ட பிறகு, 2026 பிப்ரவரி 14ல் 14 அணிகளோடு லீக் தொடங்கியது. இரண்டு சுற்றுக்கு நேரமில்லை. ஒருவரோடு ஒருவர் ஒரே முறை மோதும் 91 ஆட்டங்கள். சொந்த ஊர் ஆட்டம், எதிரி ஊர் ஆட்டம் என்ற லீகின் முதல் இலக்கணமே அந்தப் பருவத்தில் பாதியானது.

மும்பை அனுப்பிவிட்ட காலித் ஜமீல் 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். ஐஸ்வாலில் ஒரு பருவத்தில் செய்ததுதான் அவரை நாடு கவனித்த முதல் சாதனை. தனி மனிதன் கீழிருந்து மேலே ஏற இந்தியக் கால்பந்தில் வழி இருக்கிறது. ஆட்டக்காரனுக்கும் இருக்கிறது. ஓர் ஊருக்குத்தான் அந்த வழி அடைபட்டுக் கிடந்தது.

ஐஸ்வாலின் ஆளில்லாக் கடையில் விலை எழுதியிருக்கும். காசு போட்டவர் பொருளை எடுத்துப் போகலாம். வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. விதியை இருவரும் மதிக்கிறார்கள், அவ்வளவுதான். லீக் என்பதும் அப்படி ஒரு நம்பிக்கைதான். விலை முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்: இத்தனை புள்ளி, இந்த இடம். 2017ல் ஐஸ்வால் எழுதியிருந்த விலையைச் சில்லறை குறையாமல் கொடுத்தது. 37 புள்ளிகள். பொருள் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.